இவுக வீட்டு ஆளு

ஆவூர்
9-8-1961

சேசு மரி சூசை

தம்பி மைக்கேலுக்கு அக்கா ஜெபமாலை எழுதுறது.

ஒடம்புக்கு இங்க யாருக்கும் கொறை இல்லை. மானம்தான் போச்சு. சுத்தி வளைச்சு எழுத எனக்கு வராது, நேரா சொல்லிப்புடுறேன். ஒன் மருமகன் சூசைராஜ் ஆடு திருடுன கேசுல கோர்ட்டு ஏறிட்டு வந்திருக்கான்.

வாத்தியார் டிரெயினிங்குக்கு எடம் கெடச்சிருக்குன்னு அவனுக்குக் கார்டு வந்துச்சுல்ல, அந்தத் துள்ளல்ல கூட்டாளிகளுக்குக் கறிச்சோறு போடுறேன்னு வாயை விட்டிருக்கான். எங்கிட்டக் கேட்டா வெளக்கமாறுதான் கெடைக்கும்னு தெரியும். பக்கத்து ஊரு மிராசுதார் பட்டியில ஒரு கிடாயைப் பார்த்து வச்சுக்கிட்டு, நம்ம சந்தனத்தையும் கூப்பிட்டுக்கிட்டுப் போயிருக்கான். ஒனக்குத் தெரியாதா, ஒங்க அத்தான் இருந்த காலத்துலேர்ந்து நம்ம வயக்காட்டைப் பார்த்துக்கிட்டு, நம்ம வீட்டோடவே கெடக்குறானே, அந்தச் சந்தனம்தான். கண்மாய்க்கரை ஏறுறதுக்குள்ள பிடிச்சுட்டாக. கிடா சந்தனம் தோள்ல கெடந்திருக்கு.

திங்கக்கெழமை கேசு. வெளி வராந்தாவுல முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு நின்னேன். மேஜிஸ்ட்ரேட் சூசையைப் பார்த்து, நீ யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேட்டிருக்காரு. செத்துப்போன அருளப்பன் வாத்தியார் மகன், மெட்ராஸ்ல இருக்கிற மைக்கேல்சாமி எனக்குத் தாய்மாமன்னு இவன் சொல்லியிருக்கான். ஒன் பேரைக் கேட்டதும் அவரு பேனாவைக் கீழ வச்சுட்டாராம். தை மாசம் நீ வந்து பழைய தீர்ப்பெல்லாம் பார்த்து எழுதிக்கிட்டுப் போனியே, அப்ப ஒங்க ரெண்டு பேருக்கும் நல்ல பேச்சாமே. படிக்கிற பையன், மொதத் தப்புன்னு கண்டிச்சு அனுப்பிட்டாரு. அபராதம் கூட இல்லை. மாதாதான் காப்பாத்துனா. மாதாவுக்கு அடுத்தாப்புல நீதான்.

சந்தனத்துக்கு நாலு மாசம் போட்டுட்டாக. திருச்சி ஜெயிலுக்குக் கொண்டு போயிட்டாக. பாவம்.

கேசுக்கு மொத நாள் ஞாயித்துக்கெழமை பூசைக்குக் கடைசியா போயி முதல்ல எந்திரிச்சு வந்தேன். யாரும் ஒண்ணும் கேட்கலை. கேட்டிருந்தாக் கூடத் தேவலை. நீ அங்க யாருகிட்டயும் மூச்சு விட்டுறாத.

அக்கா


சென்னை
14-8-1961

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மாணவர் விடுதி வாசலில் நின்றபடியே படித்தேன். படித்து முடித்ததும் கூட இருந்தவன் ஊரில் எல்லாரும் சுகமா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அந்தப் பொய்யோடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் என்ன படிக்கிறேன் என்று நீ பல தடவை கேட்டிருக்கிறாய். நானும் குற்றவியல், ஆராய்ச்சி என்று பெரிய வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். விஷயம் சின்னதுதான். ஒரே திருட்டுக்கு ஒருவன் வீட்டுக்குப் போகிறான், ஒருவன் ஜெயிலுக்குப் போகிறான். ஏன்? இதைத்தான் இரண்டு வருஷமாகக் கோர்ட்டு கோர்ட்டாக ஏறி, தீர்ப்புகளைப் புரட்டித் தேடிக்கொண்டிருக்கிறேன். இப்போது ஒரு கேசில் அந்தக் காரணத்தின் பெயர் மைக்கேல்சாமி. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நீ 'பாவம்' என்று ஒரு வார்த்தையில் சந்தனத்தை முடித்துவிட்டாய். கிடாயைத் தேர்ந்தெடுத்தது யார்? தூக்கச் சொன்னது யார்? அவனிடம் மேஜிஸ்ட்ரேட் என்ன கேட்டார், அவன் என்ன சொன்னான்? சூசையிடம் ஒன்றுவிடாமல் கேட்டு எழுது.

முக்கியமானது இது. தீர்ப்பிலிருந்து முப்பது நாளுக்குள் மேல்கோர்ட்டில் அப்பீல் போட வேண்டும். செப்டம்பர் ஆறாம் தேதி கடைசி. கிடாயைத் திருடியது நான், சந்தனம் நான் சொன்னதற்காகத் தூக்கினான் என்று சூசை எழுதிக் கொடுத்தால் சந்தனம் வெளியே வர வழி உண்டு. புதுக்கோட்டையில் என்னோடு படித்த நாச்சியப்பன் வக்கீலாக இருக்கிறான். சூசையை உடனே அவனிடம் அனுப்பு.

மைக்கேல்


ஆவூர்
20-8-1961

தம்பிக்கு,

நீ சொன்னபடி கேட்டேன். கேட்காம இருந்திருக்கலாம்.

சூசைக்கு ஆனதும் மேஜிஸ்ட்ரேட் சந்தனத்துப் பக்கம் திரும்பி, நீ யாருன்னு கேட்டிருக்காரு. இவன் கையைக் கட்டிக்கிட்டு, "இவுக வீட்டு ஆளுங்க"ன்னு சொல்லியிருக்கான். அவன் நெனப்பு எனக்குப் புரியுது. அந்த வீட்டுப் பிள்ளையை விட்டாகளே, அந்த வீட்டு ஆளையும் விட்ருவாகன்னு நம்பிச் சொல்லியிருக்கான். அவரு அதை வேற மாதிரி எடுத்துக்கிட்டாரு. அப்ப வீட்டுப் பிள்ளையைக் கெடுத்ததே நீதானான்னு அதட்டியிருக்காரு. சந்தனம் "சரிங்க"ன்னானாம்.

அவன் சரிங்க ஒனக்குத் தெரியாதா? மழை வரும் போலருக்கேன்னா சரிங்க. வெயிலு கொல்லுதேன்னாலும் சரிங்க. பெரியவுக பேசுனா எதுத்துப் பேசாம இருக்கிறதுக்கு அவனுக்குத் தெரிஞ்ச ஒரே வார்த்தை அது. அதைக் குத்தத்தை ஒத்துக்கிட்டான்னு எழுதி முடிச்சுட்டாக.

நீ என்னடா பண்ணிக்கிட்டு இருந்தேன்னு சூசையைக் கேட்டேன். பக்கத்துலதான் நின்னேன், நாக்கு எழும்பலைன்னான். ரெண்டு அறை விட்டேன். வாங்கிக்கிட்டு நின்னான். அதுக்கும் மேல என்ன செய்ய?

ஆனா நீ சொல்றது என்னால ஆகாது. எனக்கு இவன் ஒருத்தன்தான். டிரெயினிங் ஸ்கூலு திறக்கப் போகுது. நான்தான் திருடுனேன்னு கோர்ட்டுல எழுதிக் கொடுத்தா எந்த ஸ்கூல்ல சேர்ப்பாக? வாத்தியார் பிள்ளை வாத்தியார் ஆகணும்னு ஒங்க அத்தான் கண்ணை மூடுறப்பச் சொன்னது ஒனக்கும் காதுல விழுந்துச்சு. இதைவிட லேசா ஒரு வழி இருக்கு. மேல்கோர்ட்டு ஐயாவையும் தை மாசம் பார்த்தேன், ரொம்ப மரியாதையா நடந்துக்கிட்டாருன்னு நீயே சொன்ன. அவருக்கு ரெண்டு வரி எழுதிப் போடு. சந்தனம் எங்க வீட்டு ஆளு, நல்லவன்னு. ஒனக்கு அதுல என்ன கொறஞ்சு போகுது?

சந்தனம் பொண்டாட்டி கண்ணாத்தா கைப்பிள்ளையோட வந்து நின்னா. அவரு எப்பங்கம்மா வருவாருன்னு கேட்டா. படி அரிசி அளந்து விட்டேன். அவ கேட்டது அரிசி இல்லை.

அக்கா


சென்னை
26-8-1961

அக்கா,

என்னால் அப்படி எழுத முடியாது. தயவுசெய்து இனிமேல் கேட்காதே.

எனக்கும் சந்தனம் வெளியே வர வேண்டும். ஆனால் எந்த வழியில்? மேஜிஸ்ட்ரேட் என் பெயரைக் கேட்டு சூசையை விட்டார், அது தப்பு என்கிறேன். அதே பெயரை நானே எழுதி அனுப்பிச் சந்தனத்தை எடுத்தால், நான் எழுதுகிற ஆராய்ச்சியைக் கிழித்து அடுப்பில் போடலாம். நாளைக்கு ஒரு நீதிபதி என்னைப் பார்த்து, நீயும் சிபாரிசுக் கடிதம் போட்டவன்தானே என்று கேட்டால் நான் எந்த வாயால் பேசுவது?

"நீ யாரு வீட்டுப் பிள்ளை?" நான் இதுவரை பார்த்த எந்தத் தீர்ப்பிலும் இந்தக் கேள்வி பதிவாகவில்லை. வயசு இருக்கும், ஊர் இருக்கும், முன்னால் செய்த குற்றம் இருக்கும். தண்டனையை முடிவு செய்கிற கேள்வி மட்டும் காகிதத்துக்கு வராது. இரண்டு வருஷமாக எனக்குப் பிடிபடாமல் இருந்தது இது. உன் கடிதத்தில் அதைப் படித்ததும் சட்டென்று ஒரு சந்தோஷம் வந்தது. ஆராய்ச்சிக்காரனுடைய சந்தோஷம். அடுத்த நிமிஷமே என்மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது, அங்கே ஒருவன் உள்ளே கிடக்கிறான்.

நேர்வழி ஒன்றுதான். சூசை உண்மையைச் சொல்லட்டும். அவன் இருபது வயசுப் பிள்ளை, ஒரு வருஷம் போனால் வேறு வழி பிறக்கும். நாட்கள் ஓடுகின்றன அக்கா.

மைக்கேல்


ஆவூர்
1-9-1961

மைக்கேலுக்கு,

நல்லா எழுதியிருக்க. படிக்கப் படிக்க எரிஞ்சுச்சு.

சூசை ஒன் பேரைச் சொல்லித் தப்பிச்சப்ப அது தப்புன்னு ஒனக்குத் தோணுச்சு, சரி. அந்தத் தப்பைத் திருப்பிக் கொடுக்க முடிஞ்சுச்சா? மேஜிஸ்ட்ரேட்டுக்கு எழுதி, என் மருமகனையும் உள்ள போடுங்கன்னு கேட்டியா? இல்லைல்ல. நம்ம பிள்ளைக்குக் கெடச்சது கெடச்சபடி இருக்கட்டும். சந்தனத்து மொறை வந்ததும் ஒனக்குச் சட்டம் ஞாபகம் வந்துருச்சு. ஒன் நேர்மையைச் சந்தனத்து முதுகுல வச்சுத்தான் நீ சொமக்கப் பார்க்குற. கிடாயை ஏத்துன முதுகுதானே, இதையும் ஏத்து.

நான் யோக்கியம்னு சொல்ல வரலை. என் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு நான் நிக்கிறேன். அதை மறைக்கலை. ஒன் படிப்புக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு நீ நிக்கிற. அதுக்கு மட்டும் நீதின்னு பேரு வச்சிருக்க.

கண்ணாத்தா நேத்தும் வந்தா. கடலைக்கொல்லையில களை மண்டிக் கெடக்கு, அவ ஒருத்தியா புடுங்குறா. பிள்ளையை வேலியோரத்துல தூளி கட்டிப் போட்டுருக்கா. சூசை மாமாவுக்கு எழுதியிருக்கேன், நல்ல சேதி வரும்னு சொல்லி அனுப்புனேன். நீ எழுது, நானும் யோசிக்கிறேன். நீ எழுதலைன்னா என்னையும் கேட்காத.

ஜெபமாலை


சென்னை
11-9-1961

அக்கா,

உன் கடிதம் நாலாம் தேதி வந்தது. கோபத்தில் மடித்துப் பெட்டிக்குள் போட்டேன். பதில் எழுத மனசுக்குள் வார்த்தை தேடிக்கொண்டே இருந்தேன். உன்னை மடக்குகிற மாதிரி ஒரு பதில். நல்ல பதில் கிடைத்து எழுத உட்கார்ந்தபோது காலண்டரைப் பார்த்தேன். ஒன்பதாம் தேதி.

கெடு தாண்டிவிட்டது. நீயும் நானும் அவரவர் பக்கத்து நியாயத்தை எழுதிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான் நடந்தது. சந்தனத்துக்காக யாரும் ஒரு வெள்ளைத்தாளைக் கூடத் தொடவில்லை. நான் தினமும் கோர்ட்டுக் கெடுக்களோடு புழங்குகிறவன். எனக்கு மறந்துவிட்டது என்று நான் சொன்னால் நீயே நம்பாதே.

இன்னொன்றும் சொல்கிறேன், உன்னிடம் மட்டும். இந்தக் கேசை என் ஆராய்ச்சியில் சேர்க்காமல் விட்டுவிட்டேன். சொந்தக்காரன் கேசு, சேர்ப்பது முறையில்லை என்று பேராசிரியரிடம் சொன்னேன். அவரும் சரி என்றார். காரணம் அதுவல்ல. படிக்கிறவர்கள் பார்த்துவிடக் கூடாது என்றுதான். நீ எழுதியது அத்தனையும் சரி. அவமானத்தில் காது சுடுகிறது.

நாச்சியப்பனுக்குத் தந்தி அடித்தேன். இன்று காலை அவன் பதில் வந்தது. கெடு தாண்டினாலும் அப்பீல் போடலாமாம். ஏன் தாமதம் என்று கோர்ட்டு ஒத்துக்கொள்கிற மாதிரி சத்தியம் செய்து எழுதிய அபிடவிட்டு வேண்டுமாம். எல்லாரும் காய்ச்சல் என்றுதான் எழுதுவார்களாம், அப்படியே போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறான். கூடவே, சூசையின் வாக்குமூலம் இல்லாமல் அப்பீலில் வலு இல்லை என்கிறான்.

நான் உன்னை வற்புறுத்தவில்லை. அந்த உரிமை எனக்கு இல்லை. சனிக்கிழமை ராத்திரி ரயிலில் வருகிறேன். நேரே புதுக்கோட்டைக்குப் போய் நாச்சியப்பனைப் பார்ப்பேன். வீட்டுக்கு வர வெட்கமாக இருக்கிறது.

மைக்கேல்


ஆவூர்
19-9-1961

தம்பிக்கு,

புதுக்கோட்டை வரைக்கும் வந்துட்டு என்னைப் பார்க்காமத் திரும்பிட்ட. நீ வெட்கப்பட்ட, சரி. நான் வாசலைப் பார்த்துக்கிட்டே இருந்தேனே, அது ஒனக்குத் தெரியுமா?

நீ எழுதுன கடிதாசியைச் சூசைக்குப் படிச்சுக் காட்டினேன். ஒரு எழுத்து விடலை. படிச்சு முடிக்கிறதுக்குள்ள அவன் அழுதுட்டான். நான் போறேம்மான்னான். நீ அறைஞ்சன்னைக்கே போயிருப்பேன், ஒன் மொகத்தைப் பார்த்துத்தான் பயந்துக்கிட்டு இருந்தேன்னான். பாரு தம்பி, பிள்ளைக்காக நிக்கிறேன்னு பீத்திக்கிட்டேன், பிள்ளையை நான்தான் பிடிச்சு வச்சிருந்திருக்கேன்.

அப்புறம் கண்ணாத்தா கிட்டப் போனேன். அவ குடிசைக்கு நான் போனது அதுதான் மொதத் தடவை. இத்தனை வருசத்துல ஒரு நல்லது கெட்டதுக்கும் போனதில்லை, அவதான் வருவா. உள்ள கூப்பிட்டு ஒக்கார வைக்க ஒண்ணும் இல்லாம சாக்கை விரிச்சா. நடந்ததை எல்லாம் சொன்னேன். கிடாயைத் திருடச் சொன்னது எம் மகன்தான், கெடு முடிஞ்சது எங்களாலதான்னு சொன்னேன். கத்துவா, மண்ணை வாரி எறைப்பான்னு நெனச்சேன். பிள்ளையை மடியில மாத்திப் போட்டுக்கிட்டு மொல்லமாச் சொன்னா.

"தெரியுங்கம்மா. ஜெயில்ல பார்க்கப் போன மொத நாளே அவரு சொல்லிட்டாரு. நீங்களா வாயைத் தொறப்பீகன்னு பார்த்துக்கிட்டு இருந்தோம்."

ஒவ்வொரு தடவையும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வந்து நின்னிருக்கா. அரிசி அளந்து போட்டுட்டு நான் பெரிய மனுசி மாதிரி உள்ள போயிருக்கேன். என்னைப் பெத்தவ இதைப் பார்க்காமப் போயிச் சேர்ந்ததே நல்லது.

சூசை நாளைக்கு நாச்சியப்பன் வக்கீல்கிட்டப் போறான். நானும் கூடப் போறேன்.

அக்கா


சென்னை
24-9-1961

அக்காவுக்கு,

அபிடவிட்டை நானே எழுதி நாச்சியப்பனுக்கு அனுப்பிவிட்டேன். காய்ச்சல் என்று எழுதவில்லை. நீயும் கையெழுத்துப் போட வேண்டியிருப்பதால் உனக்குப் படிக்கத் தருகிறேன்.

"சந்தனம் குற்றவாளி அல்ல என்பது எனக்கும் என் தமக்கைக்கும் கெடுவுக்கு முன்பே தெரியும். அவரை விடுவிக்க எங்கள் இருவராலும் முடியும் என்பதும் தெரியும். என் படிப்புக்குக் கெட்ட பெயர் வரும் என்று நானும், மகன் படிப்புக்குக் கெடுதல் வரும் என்று அவரும், நஷ்டம் மற்றவருக்கு வரட்டும் என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம். தாமதத்துக்கு வேறு காரணம் இல்லை."

இப்படி ஒரு அபிடவிட்டைக் கோர்ட்டு கண்டதே இல்லை, பொய் எழுதினால் சிரிக்க மாட்டார்கள், இதைப் படித்தால் சிரிப்பார்கள் என்று நாச்சியப்பன் எழுதியிருக்கிறான். சிரிக்கட்டும். கேசையும் ஆராய்ச்சியில் சேர்த்துவிட்டேன், முதலில் குற்றம் சாட்டப்பட்டவன் எனக்கு என்ன உறவு என்பதோடு. பேராசிரியர் முகம் கோணினார். பரவாயில்லை.

சந்தனத்தைப் பார்க்க ஜெயிலுக்குப் போகவில்லை. திருச்சி வழியாகத்தான் வந்தேன், போனேன். ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மைக்கேல்


ஆவூர்
26-11-1961

தம்பி மைக்கேலுக்கு அக்கா எழுதுறது.

சந்தனம் வெளியில வந்துட்டான். தாமதத்தை மன்னிக்கிற மனுவுக்கே வாய்தா மேல வாய்தா ஓடிப் போச்சுன்னு ஒனக்குத் தெரியும். ஜாமீனும் கெடைக்கலை. போன வாரம்தான் எடுத்தாக. நம்ம அப்பீலு இல்லாட்டியும் இன்னும் பத்துப் பன்னண்டு நாள்ல தண்டனை முடிஞ்சு அவனே வந்திருப்பான். நாம வாங்கிக் கொடுத்தது அந்தப் பத்து நாள்தான்.

சூசைக்கு டிரெயினிங் எடம் போயிருச்சு. வாக்குமூலம் கொடுத்த அதே வாரம் அவனே ஸ்கூலுக்கும் எழுதிட்டான். வேற பையனைச் சேர்த்துக்கிட்டாக. இப்பக் கடலைக்கொல்லையில நிக்கிறான். அவனைப் பத்தி நீ ஒண்ணும் ஆறுதல் எழுதாத.

கோர்ட்டுல நடந்ததைச் சொல்லணும். ஐயா அபிடவிட்டை முழுசும் சத்தமாப் படிக்கச் சொன்னாரு. யாரும் சிரிக்கலை. சூசை கூண்டுல ஏறி, தூக்குடான்னு சொன்னது நான்தான்னு திக்காமச் சொன்னான். எனக்கு அழுகையா வந்துச்சு. எல்லாம் முடிஞ்சு விடுதலைன்னு சொல்லிட்டு, ஐயா எங்களைப் பார்த்து, இந்தக் காலத்துல தன் தப்பைத் தானே ஒத்துக்கிற இப்படி ஒரு குடும்பத்தைப் பார்க்கிறது அபூர்வம்னு பாராட்டுனாரு தம்பி. வக்கீல்மாரெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தாக. நாச்சியப்பன் வக்கீலு எனக்குக் கையெடுத்துக் கும்பிடு போட்டாரு. மூணரை மாசம் உள்ள இருந்துட்டு வந்தவனை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கலை. மெலிஞ்சு, மொட்டைத் தலையோட, மூலையில நின்னுக்கிட்டு இருந்தான். பாராட்டு விழ விழ எனக்குத் தரை பிளந்து உள்ள போயிறலாம் போல இருந்துச்சு.

பஸ் ஸ்டாண்டுல வச்சு அவன்கிட்டப் பேசணும்னு போனேன். அதுக்குள்ள அவன் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி என்னைக் கும்பிட்டான். ஒங்களாலதான் வந்தேங்கம்மான்னான்.

கண்ணாத்தா பிள்ளையை ஒரு கையில மாத்திக்கிட்டு, இன்னொரு கையால அவன் கை ரெண்டையும் பிடிச்சுக் கீழ எறக்கி விட்டா. என்னை ஏறிட்டுக் கூடப் பார்க்கலை. பஸ்ஸு வந்துருச்சு, வாங்கன்னு அவனைக் கூட்டிக்கிட்டுப் போயி ஏத்துனா.

அது ஆவூர் பஸ்ஸுதான், எடமும் இருந்துச்சு. நான் ஏறலை. அடுத்த பஸ்ஸுக்கு நின்னு வந்தேன்.

அக்கா